ரெண்டு எண்ணிக்கை

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் பாட்டுப் பட்டியல் வரும். போதகர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பாமாலை இரண்டு, கீர்த்தனை ஒன்று, காணிக்கைக்கு ஒன்று. பாட்டின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் ஷா ஆலமில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருப்பேன். லத்தார் நெடுஞ்சாலையை முடித்து, புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று வந்தால், செம்பனை குறைந்து வயல் தொடங்கும். சுங்கை புரோங்கில் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அம்மா முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை.

"என்னா பாட்டுடா நாளைக்கு?"

எங்கள் சபை தஞ்சோங் காராங்கில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும் என்பதால் எங்களுக்கு அந்த இடம் ஒத்துவருகிறது. நாற்பது பேர் வந்தால் அன்றைக்குச் சபை நிறைந்தது என்று அர்த்தம். பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லாரும் ஒரு காலத்தில் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், குலை அறுத்தவர்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. இவர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, ஆளுக்கொரு பக்கம் மலிவு விலை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஒரே கூரையின் கீழ் மறுபடி உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

'பியானோ வாசிக்கிற பையன்' என்று என்னைச் சொல்வார்கள். எங்களிடம் பியானோ இல்லை. அறுபத்தொரு கட்டை யமாஹா கீபோர்டு, ஒரு மிதி, ஒரு பழைய ஒலிபெருக்கி. அவ்வளவுதான்.

ஆராதனையில் கீபோர்டு வாசிப்பது என்றால் மெட்டை வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மெட்டு சபைக்குத் தெரியும். என் வேலை வேறு. எந்தச் சுருதியில் தொடங்குவது, எவ்வளவு வேகம், எங்கே மூச்சு விட இடம் கொடுப்பது, கடைசி அடியை எப்படி முடிப்பது என்பதையெல்லாம் முந்தின இரவே முடிவு செய்ய வேண்டும். பாமாலை மெட்டுகளில் பெரும்பாலானவை ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவை. நான்கு குரலுக்குப் பிரித்து எழுதியவை. அதன் மேல்குரல் இளம் பெண்களுக்கானது. எழுபது வயதுப் பாட்டிகளின் குரல் அந்த உயரத்துக்கு எட்டாது. எட்டாத இடத்தில் பாட்டிகள் பேசாமல் இருந்துவிடுவார்கள், பிறகு அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்வார்கள். அதனால் ஈ பிளாட்டில் இருப்பதை சி-க்கு இறக்குவேன், சில நாள் பி பிளாட்டுக்கே இறக்குவேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவதை அவமானமாக நினைக்கும் வாசிப்பாளர்கள் உண்டு. நான் அழுத்துவேன்.

கீர்த்தனைக்கு வேறு தலைவலி. புத்தகத்தில் பாட்டின் தலைமாட்டில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். சங்கராபரணம் என்றால் பிரச்சினை இல்லை. மேஜர் ஸ்கேலின் அதே ஏழு சுரங்கள், கார்டுகள் தானாக வந்து உட்காரும். தோடி என்றால் கட்டைகள் கிடைக்கும், ஆனால் பாடுகிறவர்கள் அந்தக் கட்டைகளுக்கு நடுவே எங்கேயோ அசைந்துகொண்டிருப்பார்கள். அங்கே மூன்று சுரத்தை அடுக்கி ஒரு கார்டு போட்டால், ஆடிக்கொண்டிருக்கும் தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்தியது போல ஆகிவிடும். இடது கையில் ச, ப இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள நான் கற்றுக்கொள்ளவே ஆறேழு வருடம் ஆனது.

அதைக் கற்றுக்கொண்ட விதத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இது எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை.

*

எனக்கு கீபோர்டு சொல்லிக்கொடுத்தவர் கோல சிலாங்கூர் பட்டணத்தில் இருந்த ஒரு சீன டீச்சர். அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பங்கு என் வகுப்புக்குப் போனது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. ஏபிஆர்எஸ்எம் ஐந்தாம் நிலைத் தேர்வு எழுதி முடித்தபோது எனக்குப் பதினைந்து வயது. 2011. அதே வருடம் சபைக்கு யாரோ கீபோர்டு வாங்கிக் கொடுத்தார்கள். வாசிக்க ஆள் நான் மட்டும்தான்.

அதுவரை எங்கள் சபையில் எந்த வாத்தியமும் கிடையாது. பாட்டை எடுத்துக் கொடுத்தது ஆயாம்மா. தோட்டத்தில் ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். பால் வெட்டுக்குப் போகும் தாய்மார் விடியற்காலையில் விட்டுவிட்டுப் போன குழந்தைகளில் என் அம்மாவும் ஒன்று. அந்த உறவில் ஊருக்கே ஆயாம்மா. குரல் பெரிய குரல் இல்லை. கொஞ்சம் மூக்கால் பாடுவார். ஆனால் அவர் தொடங்கினால் சபை தொடங்கும், அவர் நின்றால் சபை நிற்கும். புத்தகத்தை விரித்து மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில், கணவர் தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்பார்.

கீபோர்டில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே எனக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை. சபையார் தாளத்தில் பாடவில்லை. குறிப்பாக ஒரு அந்திநேரப் பாமாலை. எட்டு அசை, ஆறு அசை, எட்டு, ஆறு என்று போகிற சாதாரண நாலு வரி மெட்டு. புத்தகப்படி முதல் வரி முடிந்ததும் உடனே இரண்டாவது வரிக்குப் போக வேண்டும். இவர்கள் போக மாட்டார்கள். வரியின் கடைசி எழுத்தைப் பிடித்து இழுப்பார்கள். ரெண்டு எண்ணிக்கை, சில சமயம் மூன்று. இழுக்கும்போது குரல் மேலும் கீழும் ஒரு சின்ன வளைவு போட்டுவிட்டு வரும். ஒவ்வொரு வரிக்கும் இப்படியே. நான் அடுத்த வரியைத் தொடங்கியிருப்பேன், சபை இன்னும் முந்தின வரியின் வாலில் இருக்கும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? காத்திருக்க வேண்டும். நான் செய்தது, ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டியது. பிறகு மெட்ரோனோம் போல இடது கையால் ஒவ்வொரு எண்ணிக்கையையும் அடித்தேன். ஆறு மாதத்தில் சபை என் வழிக்கு வந்தது. அடுத்த வருடம் புரொஜெக்டர் வந்தது. வரிகள் சுவரில் தெரிந்தன. எல்லாரும் தலை நிமிர்ந்து, தாளம் தப்பாமல் பாடினார்கள். அப்போதைய போதகர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

ஆயாம்மா முதலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண்ணிக்கை பிந்தி வந்துகொண்டிருந்தார். பிறகு வரியின் பாதியில் வந்து சேர்ந்தார். 2013இல் தாத்தா இறந்தார். அதற்குப் பிறகு ஆயாம்மா பாடி நான் கேட்ட நினைவில்லை. வயசாகிவிட்டது, துக்கம், குரல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று சொல்வதுகூடப் பொய். நான் கவனிக்கவே இல்லை.

*

பத்து பகாட்டில் மின்பொறியியல் படித்த நான்கு வருடமும் வாசிப்பு விட்டுப்போகவில்லை. அங்கே மாணவர் ஐக்கியத்தில் நல்ல கித்தார்க்காரர்களும் ஒரு டிரம்ஸ்காரனும் இருந்தார்கள். யூடியூபைப் பார்த்துப் பார்த்து, பழைய பாமாலைகளுக்குப் புது கார்டுகள் போடக் கற்றுக்கொண்டேன். மெட்டு அதேதான், கீழே ஓடுகிற தரையை மட்டும் மாற்றுவது. சாதாரணமாக மூன்று கார்டில் முடிகிற ஒரு வரிக்கு ஏழு கார்டு. கடைசிச் சரணத்தில் ஒரு அரைச்சுரம் மேலே தாவுவது. கேட்க உண்மையாகவே நன்றாக இருக்கும். இன்றைக்கும் தனியாக இருக்கும்போது அப்படி வாசிப்பேன்.

2019இல் படிப்பை முடித்து வந்த கையோடு, அந்த அந்திநேரப் பாமாலைக்கு ஒரு முழு அமைப்பு எழுதினேன். ஒரு மாதம் உழைத்தேன். நன்றி பலி ஆராதனையில் வாசித்தேன். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் சபையில் பாமாலைக்குக் கை தட்டுவது அதுவே முதல் தடவை.

தம்பி அதை போனில் வீடியோ எடுத்திருந்தான். அன்று ராத்திரி ஐந்தாறு தடவை போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு தடவை என் விரல்களைப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் பின்னால் இருந்த ஆட்களைப் பார்த்தேன். யாரும் பாடவில்லை. எனக்குப் பின்னால் முப்பத்தைந்து பேர், சுவரில் வரிகள் ஓடுகின்றன, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளை நடனம் ஆடினால் பெரியவர்கள் நிற்பார்களே, அந்த மாதிரி.

அதைப் பற்றி யோசிப்பதற்குள் மார்ச் 2020 வந்துவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. மேல்மாடி பூட்டப்பட்டது. ஆராதனை போனில் நடந்தது. வீட்டில் ஒரு மேசைமேல் கீபோர்டை வைத்து நான் வாசிக்க, ஆளாளுக்கு அவரவர் வீட்டில் ஒலியை அடைத்துக்கொண்டு பாடினார்கள். பாடினார்களா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. சபையே இல்லாமல் சபைக்கு வாசிப்பது எப்படி இருக்கும் என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன். எந்தத் தாளத்தில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். யாரும் பிந்த மாட்டார்கள்.

*

2022இல் எல்லாம் திறந்தபின் ஆயாம்மா ஆராதனைக்கு வருவது குறைந்துபோனது. மேல்மாடிக்கு ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "நீ ஒரு தடவை போய்ப் பாருடா, ஒனக்கு எத்தன நாள் சோறு ஊட்டியிருக்கு அது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை போனேன். சும்மா போக மனசில்லாமல், பழைய பாட்டுகளைப் பதிவு செய்யலாம் என்று ஒரு காரணத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மகள் வீட்டில் இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போனை ஸ்டூல் மேல் வைத்து, அந்த அந்திநேரப் பாட்டைப் பாடச் சொன்னேன்.

முதல் வரியைப் பாடினார். கடைசி எழுத்தை இழுத்தார், அந்த வளைவு போட்டார், நின்றார். என்னைப் பார்த்தார்.

"சொல்லு."

"என்னா ஆயாம்மா சொல்றது?"

"அடுத்த வரிய சொல்லுப்பா."

"மறந்துருச்சா?"

"மறக்கல. நீ மொத வார்த்தைய சொன்னா மீதி தானா வந்துரும். தாத்தாதான சொல்லுவாரு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மகள் உள்ளே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். ஆயாம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு எழுத்து தெரியாது தம்பி. பள்ளிக்கொடத்துக்கு எங்க போனேன்? எட்டு வயசுல தங்கச்சிய இடுப்புல வெச்சிக்கிட்டு நின்னேன்."

புத்தகம்? விரித்து மார்புக்கு நேராகப் பிடித்திருந்த புத்தகம்?

"சும்மா புடிச்சிருப்பேன். தாத்தா பக்கத்தத் திருப்பிக் குடுப்பாரு."

பிறகு அவர் சொன்னது இது. தோட்டத்தில் வாரம் ஒருமுறை உபதேசியார் சைக்கிளில் வருவார். ஐயர் வருவது மாதத்துக்கு ஒருமுறைதான். பாட்டுப் புத்தகம் உபதேசியாரிடம் மட்டும் இருந்தது. அவர் ஒரு வரியை வாசித்துச் சொல்வார், சனங்கள் பாடுவார்கள். பாடி முடிக்கிற எழுத்தைச் சனங்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, அந்த இழுவைக்கு மேலேயே அவர் அடுத்த வரியைச் சொல்லிவிடுவார். பாட்டு அறுந்துபோகாது. உபதேசியார் போனபின் ஆயாம்மா எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தாத்தா கொஞ்சம் படித்தவர். அந்த இழுவையில் அவர் முதல் வார்த்தையைக் காதோரம் சொல்வார், ஆயாம்மா சபைக்கு எடுத்துக் கொடுப்பார்.

அன்று ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாட்டை அவர்கள் பாடிய வேகத்தில் ஒரு எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரு விநாடி. எட்டு அசை உள்ள வரியை வேகமாக வாசித்துச் சொன்னால் ரெண்டு விநாடி. பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் பிழை என்று திருத்திய ரெண்டு எண்ணிக்கை அதுதான். ஆயாம்மாவின் குரல் போகவில்லை. அவர் பாட்டுக்குள் வருகிற வாசலை நான் அடைத்திருந்தேன்.

*

இதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். வரியைச் சொல்லிப் பாடுவது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரியது இல்லை. 1644இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் வகுத்த ஆராதனை ஒழுங்கிலேயே, படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருக்கிற சபையில் ஒருவர் சங்கீதத்தை வரி வரியாக வாசித்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் மக்கள் இப்படியே பாடிப் பாடி, மெட்டுகள் மெதுவாகி, வளைவுகள் சேர்ந்து, ஊருக்கு ஊர் வேறாகிவிட்டன. 1720களில் பாஸ்டன் பக்கத்துப் போதகர்கள் இதைத் திருத்தக் கிளம்பினார்கள். தாமஸ் சிம்ஸ் 1720இல் ஒரு சிறுநூல் எழுதினார். தாமஸ் வால்டர் 1721இல் சுரம் பார்த்துப் பாடச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் ஒன்றைப் போட்டார். முறைப்படி பாடுவது எதிர் பழைய மாதிரி பாடுவது என்று சபைகளில் சண்டையே நடந்தது. படிக்கப் படிக்க எனக்கு வால்டரின் முகம் தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது. அவராவது மனிதர்களோடு வாதாடினார். நான் ஒலிபெருக்கியைத் திருகினேன்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கேலிக் மொழிச் சபைகளில் இன்றும் ஒருவர் வரியைக் கொடுக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு வளைவோடு இழுத்துப் பாடுகிறார்கள். பதிவுகள் கிடைக்கின்றன. இருட்டில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மொழி புரியவில்லை. ஆனால் அந்த இழுவை எனக்குத் தெரிந்த இழுவை.

இப்படிச் சொல்லும்போது பழையதெல்லாம் நல்லது என்று ஆகிவிடக் கூடாது. கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் பெரிய பெயர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் காலத்தில் புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாட்டை ஆலயத்திலிருந்து ஒதுக்கப் பார்த்தபோது எதிர்த்து நின்றவர். அதே மனிதர், ஆலயத்தில் சாதி பார்க்காமல் எல்லாரும் கலந்து உட்கார வேண்டும் என்று அதே மிஷனரிமார் சொன்னதையும் எதிர்த்தார். பாட்டையும் இருக்கையையும் ஒரே மரபு என்று கட்டிக் காப்பாற்ற நினைத்தார். நூற்றைம்பது வருடம் கழித்து மதுரை இறையியல் கல்லூரியில் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) வேறு திசையிலிருந்து கேட்டார். கீர்த்தனையின் கர்நாடக இசை யாருடைய இசை? சேரியில் பாடுகிறவனுக்கு அதில் இடம் எங்கே? நாட்டுப்புறப் பாட்டைத்தான் பாடுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள முடியும், அதனால் அதுவே எளியவர்களுக்கு விடுதலை தருகிற இசை என்பது அவருடைய வாதம். தலித் கிறிஸ்தவர்களுக்காகவே வழிபாடும் பாட்டும் எழுதினார்.

அப்பாவுவின் கேள்வியை எங்கள் மேல்மாடிக்குக் கொண்டுவந்தால், ஆயாம்மாவின் ரெண்டு எண்ணிக்கை எனக்குச் சுலபமாக இனிக்கவில்லை. அது சனங்கள் சேர்ந்து மெட்டை மாற்றி அமைத்த இடம் என்பது உண்மை. புத்தகம் ஒருவர் கையில் மட்டும் இருந்ததால் உண்டான இடம் என்பதும் உண்மை. எட்டு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத ஒரு தோட்டத்தின் கணக்கு அந்த இழுவைக்குள் இருக்கிறது. நான் அதை 'நமது பாரம்பரியம்' என்று சொல்லி மேடையில் வைத்தால், ஆயாம்மா அறுபது வருடம் புத்தகத்தை விரித்துப் பிடித்து மறைத்த ஒன்றை அலங்காரமாக்கி விற்கிறேன் என்றுதான் அர்த்தம்.

அதனால் காரணம் எதுவும் சொல்லாமல் செய்தேன்.

*

செய்தது பெரிய வேலை இல்லை. என் ஏழு கார்டு அமைப்பைக் கிழித்துப் போடவில்லை, மூடி வைத்தேன். புதிதாக ஒரே பக்கத்தில் எழுதினேன். சுருதி பி பிளாட். இடது கையில் ச, ப மட்டும். வலது கை மெட்டை வாசிக்காது. வரியின் முதல் சுரத்தை மட்டும் தொட்டுக் காட்டிவிட்டு விலகிவிடும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ரெண்டு எண்ணிக்கை, அதில் இடது கை மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த ரெண்டு எண்ணிக்கையில் நான் எதையும் வாசிக்கக் கூடாது. எழுதுவதற்கு அரைமணி நேரம். அந்த ரெண்டு எண்ணிக்கையில் கையை அசைக்காமல் வைத்திருக்க ஒரு மாதம் பழகினேன். காலி இடத்தைக் கண்டால் விரல் தானாகப் போய் ஏதாவது அலங்காரம் செய்யும். அது விரலின் பழக்கம், ஐந்தாம் நிலைத் தேர்வு கொடுத்த பழக்கம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இளையவர்கள் தடுக்கி விழுந்தார்கள். அவர்கள் அடுத்த வரிக்குப் போக, பின்வரிசைப் பெரியவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் மறக்கடித்தும் அவர்களுக்கு மறக்கவில்லை. முதல் இழுவையிலேயே அந்தப் பழைய வளைவு வந்துவிட்டது. இரண்டு பேர் ஆயாம்மாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்தார். நான் அம்மாவிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. "வரி முடியும்போது அடுத்த வரியோட மொத வார்த்தைய அவங்க காதுல சொல்லும்மா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்திருக்கலாம்.

கீபோர்டுக்காரனுக்குச் சபை முதுகுக்குப் பின்னால் இருக்கும். முகத்தைப் பார்க்க முடியாது. மூன்றாவது வரியில் அந்த மூக்கால் பாடுகிற குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. பின்னால் திரும்பவில்லை. திரும்பினால் கை தப்பிவிடும்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம், ஏற முடிந்த வாரமெல்லாம் வந்து பாடினார். 2023இல் இறந்தார். அடக்கத்தின்போது கல்லறையில் கீபோர்டு வைக்க வசதி இல்லை. வாத்தியம் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடினோம். வரி முடிந்து இழுக்கும்போது யாரோ ஒரு பெரியவர் அடுத்த வரியை உரக்கச் சொன்னார். உபதேசியார் சொல்வது போலவே, இழுவைக்கு மேலேயே. எல்லார் கையிலும் போன் இருந்தது, வரிகள் அதில் இருந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆயாம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதை இங்கே எழுதலாமா என்று அவர் மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்க தம்பி. ஆனா நல்லா பாடுவாங்கன்னும் எழுதுங்க" என்றார். நன்றாகப் பாடுவார். சுருதி பிசகி நான் கேட்டதில்லை.

*

இப்போது பிரச்சினை வேறு. ஆயாம்மா இல்லை. வருகிற பெரியவர்கள் எல்லாருக்கும் படிக்கத் தெரியும். அந்த ரெண்டு எண்ணிக்கை இனி யாருக்காக? சபை நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் நேராகவே கேட்டார். வெளியூரிலிருந்து விருந்தாளியாக வந்து வாசித்தவர் ஒவ்வொரு வரியிலும் முந்திப் போய்த் தடுமாறியதை அவர் நினைவுபடுத்தினார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதம் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கீபோர்டு பழக ஒரு பிள்ளை வருகிறாள், பன்னிரண்டு வயது. நான் ஷா ஆலமிலேயே தங்கிவிடும் வாரங்களில் அவள்தான் வாசிக்க வேண்டும். என் ஒற்றைப் பக்கத்தைப் பார்த்து, "அண்ணா, இங்க ஏன் ரெண்டு எக்ஸ்ட்ரா?" என்று கேட்டாள். அவளுக்கும் நான் பதில் சொல்லவில்லை. போன மாதம் அவளே வந்து சொன்னாள்.

அவளுடைய தம்பி மலாய்ப் பள்ளியில் படிக்கிறான். எங்கள் சபைப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அவர்களுக்காகச் சுவரில் தமிழ் வரிக்குக் கீழே ரோமன் எழுத்தில் அதே வரி ஓடும். நெடில் எது, குறில் எது, எந்த 'ல' என்று அதில் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பாட்டு போய்விடும். "ஆனா இந்தப் பாட்டுல மட்டும் அவன் ஃபுல்லா பாடுறாண்ணா" என்றாள். "நெக்ஸ்ட் லைன படிக்க டைம் இருக்கில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வாசித்தேன். முதல் வரி முடிந்தது. இடது கையில் ச, ப. பின்னால் ஒரு சின்னக் குரல் அடுத்த வரியை முணுமுணுவென்று படித்துப் பார்ப்பது கேட்டது. முதல் வார்த்தையை யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவாகத்தான் இருக்கும்.

நிர்வாகக் கூட்டம் வருகிற மாதம். மற்ற பாமாலைகளுக்கும் ரெண்டு எண்ணிக்கை சேர்த்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை பதினாறு முடிந்திருக்கிறது.